நாணம் நீக்கும் நட்பு

மனிதனுக்கு நேரும் துன்பங்களுள் அவமானத்தைப்போல் அவனைத் தனியனாக்குவது பிறிதொன்றில்லை. பசித்தவன் பிறரிடஞ் சென்று கேட்பான். நோயுற்றவன் மருத்துவரை நாடுவான். அவமானமுற்றவனோ மனித முகத்தைக் காணவே அஞ்சி ஒளிகிறான். அவனுக்கு வேண்டிய மருந்து மனிதரிடத்திருக்க, நோயோ அவனை மனிதரிடமிருந்தே பிரித்துவிடுகின்றது.

இதனை நாம் ஏட்டிற் படித்து அறிந்தோமல்லோம். சில ஆண்டுகளுக்கு முன், ஊழியஞ் செய்த இடத்தில் ஆட்குறைப்பு நேர்ந்து வேலையிழந்தோம். மாதங்கள் பல சென்றன, கடன் வளர்ந்தது. நம்மீது குற்றமில்லையென்பதை அறிவு உணர்ந்தது, நெஞ்சு உணரவில்லை. உறவினர் திருமணங்களுக்குப் போகாதொழிந்தோம். மளிகைக் கடைக்காரரைக் காணாதிருக்க வேறு தெருவைச் சுற்றினோம். ஞாயிறுதோறும் கோயிலிற் கடைசி வரிசையிலமர்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன்னரே வெளியேறினோம். கடவுள் கடிந்துகொள்வாரென்று அஞ்சினோமல்லோம்; "இப்பொழுது என்ன செய்கிறீர்கள்?" என்று எவரேனும் வினவுவரேயென்றுதான் அஞ்சினோம்.

அந்நாட்களில் யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரம் நமக்குப் புதிதாய்த் திறந்தது. பிரதான ஆசாரியனது முற்றத்திற் கரிநெருப்பருகே குளிர்காய்ந்த பேதுரு, இயேசுவை அறியேனென்று மறுதலித்தான், மும்முறை மறுதலித்தான். பின்னர், உயிர்த்தெழுந்த இயேசு திபேரியாக் கடற்கரையில் மூட்டிவைத்திருந்ததும் கரிநெருப்பே. அதற்குரிய கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இவ்விரண்டு இடங்களில் மட்டுமே வருகின்றது. எத்தகைய நெருப்பருகே அவன் வீழ்ந்தானோ, அத்தகைய நெருப்பருகேயே அவனை வரவேற்றார். கரைசேர்ந்தவனுக்கு முதலிற் கிடைத்தது விசாரணையன்று, அப்பமும் மீனுமே. உண்டு முடிந்த பின்னரே, தம்மிடம் அன்புண்டோவென்று மும்முறை வினவினார். மறுதலித்ததைப் பற்றி அங்கு ஒரு சொல்லுமில்லை.

மன்னிப்பு மட்டும் போதுமாயின், ஓர் அரசன் அரியணையிலிருந்தே அதனை அளித்துவிடலாம். அதனாற் குற்றம் நீங்கும், வெட்கம் நீங்காது. வெட்கம் நீங்க ஒருவர் அருகில் வந்து உணவிடவேண்டும். அது நண்பன் செய்யுஞ் செயல். வள்ளுவரும் நட்புக்கு உவமை தேடியபோது, ஆடை நழுவுங்கால் விரைந்து காக்கும் கையையன்றோ கண்டார்!

இன்னுமொன்று. இயேசு தம் சீடரை இனி ஊழியரென்னாமல் சிநேகிதரென்றழைத்தது, அவர்கள் தம்மைக் கைவிட்டோடிய அவ்விரவிலேயே. பேதுரு மறுதலிப்பானென்று முன்னறிவித்ததும் அவ்விரவிலேயே. அறிந்தே அளித்த நட்பாதலின், பின்னர் வெளிப்படும் எதுவும் அதனை அறுக்கமாட்டாது.

தன் குற்றத்தால் நாணியவனையே அந்நட்பு இவ்வாறு ஏற்குமாயின், குற்றமின்றி நாணுவோரை விலக்குமோ? இவ்வெண்ணம் பிறந்ததால் நம் கடன் குறைந்துவிடவில்லை. வேலையும் உடனே வாய்க்கவில்லை. ஆயினும், ஒரு ஞாயிறன்று ஆசீர்வாதம் முடியும்வரை இருந்தோம். அஞ்சிய கேள்வியை ஒருவர் கேட்டேவிட்டார். "வேலையில்லை, ஐயா" என்றோம். நெஞ்சின் பாரம் பாதி இறங்கிற்று.

அன்பர்களே, வெட்கத்தால் ஒளிந்து வாழ்வோர் நம் தெருவிலும் உளர். வறுமையால் நாணுவோர் சிலர். பிணியால் நாணுவோர் சிலர். பிறப்பைச் சுட்டி உலகம் இழைத்த இழிவைச் சுமப்போர் பலர். அறிவுரை பின்னர் ஆகுக. முதலில் அவர்களுக்கு இலை போடுவோம். தெய்வத்தின் நட்பைப் பெற்றோர் செய்யத்தக்க கைம்மாறு அதுவேயாம்.