சலிவன் உடன்பிறந்தார்

அமெரிக்க நாட்டின் நடுமேற்கில், கடலுக்கு நெடுந்தொலைவில், மக்காச்சோள வயல்கள் மலிந்த அயோவா மாநிலத்தில் உள்ளது வாட்டர்லூ நகரம். அங்குச் சலிவன் குடும்பத்தில் ஆண்மக்கள் ஐவர். தந்தை இருப்புப்பாதை ஊழியர். மக்களோ இறைச்சி பதப்படுத்தும் ஆலையில் கூலிக்கு உழைத்தவர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியர் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியபோது அவர்தம் நண்பர் ஒருவர் மாண்டார். ஐவரும் கடற்படையிற் சேர எழுந்தனர். ஒரே கப்பலில் பணி தரல் வேண்டும் என்று மட்டும் கேட்டனர். உடன்பிறந்தாரைப் பிரித்து வைப்பதே நலம் என்பது படையினர் கருத்து. ஆயினும் இணங்கினர். அத்தகைய அன்பை மறுக்க யாருக்குத்தான் மனம் வரும்!

1942 நவம்பர் 13 அன்று, குவாடல்கனால் தீவருகே இரவுப் போரில் பழுதுற்று மீண்டுகொண்டிருந்த அவர்களது 'ஜூனோ' கப்பலை நீர்மூழ்கி ஏவிய டார்பிடோ தாக்கியது. கப்பல் வெடித்து நொடிப்பொழுதில் மறைந்தது. நீரில் தத்தளித்தோர் ஏறத்தாழ நூற்றுவர். அவருள் மீட்கப்பட்டோர் பதின்மரே. மூத்தவன் ஜார்ஜ் சில நாள் தெப்பத்தில் உயிர்தாங்கித் தம்பியரைத் தேடினான். பின் அவனும் கடலிற் கலந்தான்.

1943 ஜனவரியில் கடற்படை அலுவலர் வீடு தேடி வந்தனர். எந்த மகன் என வினவினார் தந்தை. ஐவரும் என்றனர். அன்றும் அவர் இரயில் பணிக்குப் புறப்பட்டுச் சென்றார்.