டிஷியனைப் பிரதிசெய்ய முனைந்தவர்

அரூப ஓவியம் என்பது வரையத் தெரியாதவர்களின் புகலிடம் என்றும், மரபைத் தூக்கியெறிந்தவர்களின் ஆரவாரம் என்றும் நம்மவரிடையே இரு அபிப்பிராயங்கள் உண்டு. ஜேர்மனிய ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டரின் படைப்புகளோ இவ்விரண்டுக்கும் இடம்கொடுப்பதில்லை.

1932இல் டிரெஸ்டனில் பிறந்து, அந்நகரின் கலைக்கல்லூரியில் முறையாகப் பயின்றவர் ரிக்டர். 1961இல், பேர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்னதாக, மேற்கு ஜேர்மனிக்குச் சென்றார். 1972இல் வெனிஸ் நகரில், டிஷியன் 16ஆம் நூற்றாண்டில் தீட்டிய மங்கள வார்த்தை ஓவியத்தைக் கண்டார். வானதூதர் மரியாளுக்குச் செய்தி கொணரும் காட்சி அது. தமக்கென ஒரு பிரதி வேண்டுமென விரும்பி, மறு ஆண்டு தபாலட்டையொன்றைப் பார்த்து வரையத் தொடங்கினார். கைகூடவில்லை. பிறந்தவை ஐந்து ஓவியங்கள். அவற்றில் உருவங்கள் படிப்படியாகக் கலைந்து, வர்ணம் மாத்திரமே எஞ்சுகின்றது. மரபை நேசித்து, அதனை எட்ட முயன்ற இடத்திலேயே இங்கு அரூபம் பிறக்கின்றது.

இதே முயற்சி 2014இல் பெருந்துயரொன்றின் முன் நிகழ்ந்தது. கொலையைக் கண்முன் நிறுத்துவதும் ஓவிய மரபின் பணிதான். மட்ரிட் படுகொலையைக் கோயா 1814இல் தீட்டினார். 1944 ஓகஸ்டில், ஒஷ்விட்ஸ் - பேர்க்கனோ முகாமின் கைதிகள் உயிரைப் பணயம் வைத்து இரகசியமாக எடுத்த நான்கு புகைப்படங்களை, ரிக்டர் நான்கு பெரிய கன்வஸ்களில் வரைந்தார். பின்னர் அவற்றின்மேல் வர்ணத்தைப் பூசி, நீண்ட தகட்டினால் இழுத்து, மீண்டும் பூசினார். இன்று தெரிவன கருமையும் சாம்பலும் இடையிடையே சிவப்பும் பச்சையும் மட்டுமே.

இது மறைத்தல் அல்லவா என்று கேட்கலாம். பிணங்களின் படத்தைப் பிரசுரிப்பதா, விடுவதா என்று பத்திரிகை மேசையில் முடிவெடுக்க நேர்ந்தவர்களுக்கு அக்கேள்வி புதிதல்ல. காட்டினால் இறந்தவர் காட்சிப்பொருளாவார். காட்டாவிடில் கொன்றவன் தப்பித்துக்கொள்வான். ரிக்டரின் ஓவியங்கள் தனித்துநின்று சாட்சி சொல்லமாட்டா என்பதும் உண்மையே. அதனாற்றான் போலும், அப்புகைப்படங்களின் பிரதிகளும் அருகே வைக்கப்பட்டன.

ஆனால் வெறுங் கன்வஸில் வர்ணம் பூசியவர் அல்லர் அவர். மரபு இட்ட பணியை ஏற்று, வரைந்து பார்த்து, அது இயலாதென உணர்ந்த பின்னரே மூடினார். அந்தத் தோல்வி வர்ணத்தின் அடியில் இன்னமும் இருக்கின்றது. கோயாவுக்கு இயன்றது தமக்கு இயலவில்லை என்பதைப் பாசாங்கின்றி ஒப்புக்கொள்வதும் மரபுக்குச் செய்யும் மரியாதைதான் என்று எனக்குத் தோன்றுகின்றது.