வெலிங்டன் பிரபுவும் எங்க அம்மா காலும்

"நொச்சிக்குப்பத்துல யாருடா பூட்ஸ் போடுவா?"

கிளாஸில் இதைச் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு செருப்பே பாதி நேரம் கையில்தான் இருக்கும். ஆனாலும் போன வருஷம் ஒரு மாசம் முழுக்க நான் கம்பூட்ஸைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன். செமஸ்டர் பரீட்சைக்குக்கூட அவ்வளவு யோசித்ததில்லை :-) யாருக்காவது பயன்படும் என்பதால் எழுதி வைக்கிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கொஞ்சம் வரலாறு. (போரடித்தால் அடுத்த பத்திக்குத் தாவலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.) நாம் கம்பூட்ஸ் என்று சொல்வதை இங்கிலாந்தில் வெலிங்டன் பூட்ஸ் என்பார்கள். 1815-ல் வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்தாரே, அந்த ஆர்தர் வெல்லெஸ்லிதான் வெலிங்டன் பிரபு. அதற்கு முன்னால் 1798-ல் நம்ம மெட்ராஸுக்கு வந்து, மறு வருஷம் திப்பு சுல்தானுக்கு எதிராக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சண்டை போட்டவரும் அவரேதான். குன்னூர் பக்கத்தில் ராணுவக் கல்லூரி இருக்கிற வெலிங்டனுக்கும் அவர் பெயர்தான். குஞ்சமெல்லாம் வைத்த அந்தக் காலத்து பூட்ஸை, குஞ்சம் எடுத்து, காலோடு ஒட்டினாற்போல் தைத்துத் தரச் சொல்லி தன் செருப்புத் தொழிலாளியிடம் கேட்டாராம். அது தோல் பூட்ஸ். 1839-ல் சார்லஸ் குட்இயர் ரப்பரை கந்தகத்தோடு சூடாக்கி உறுதியாக்கும் வழியைக் கண்டுபிடித்த பிறகு, 1853-ல் ஹைரம் ஹட்சின்சன் என்ற அமெரிக்கர் பிரான்சில் ரப்பர் பூட்ஸ் செய்ய ஆரம்பித்தார். மரக்கட்டை செருப்போடு சேற்றில் உழைத்த விவசாயிகளுக்கு முதல் முறையாக கால் நனையாமல் வீடு திரும்ப முடிந்தது. முதல் உலகப்போரில் பதுங்குகுழித் தண்ணீரில் நின்றே சிப்பாய்களின் பாதம் அழுகியது. அப்போது ஒரே ஒரு பிரிட்டிஷ் கம்பெனி மட்டும் பதினோரு லட்சம் ஜோடிக்கு மேல் செய்து கொடுத்தது.

அங்கே இன்றைக்கும் வேட்டைக்குப் போகிறவர்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இந்த பூட்ஸோடுதான் சேற்றில் நடக்கிறார்கள். நம் நாட்டில் வனவிலங்குச் சட்டத்தால் காட்டு வேட்டை முடிந்தது. மிச்சம் இருப்பது கடல் வேட்டை. அதற்கு எங்க குப்பத்தில் யாரும் பூட்ஸ் போடுவதில்லை. ஏன் என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"பூட்ஸ் போட்டுகினு அலைல போட்டைத் தள்ளு பாக்கலாம். அப்பால சொல்றேன்" என்றார்.

யோசித்தால் அதில் முழு விஞ்ஞானமும் இருக்கிறது. ஃபைபர் போட்டை அலையில் தள்ளும்போது இடுப்பு வரைக்கும் தண்ணீர். முட்டி உயர பூட்ஸ் ஒரே அலையில் நிறைந்துவிடும். "பூட்ஸுக்குள்ள தண்ணி போனா ஆளையே கீழே இழுத்துடும்" என்பது அப்படியே உண்மை இல்லை. தண்ணீருக்குள் இருக்கிற தண்ணீருக்கு தனி எடை கிடையாது. ஆனால் காலை உதைத்து நீந்த முடியாது, கழற்றலாம் என்றால் காலோடு கவ்விக்கொள்ளும், போட்டில் ஏற காலை வெளியே தூக்கினால் அப்போதுதான் முழு எடையும் தெரியும். மேலும் ஈரமான ஃபைபர் பலகையில் வெறுங்கால் விரல் பிடிக்கிற பிடியை எந்த ரப்பரும் தராது. காலில் வலைக்கயிறு சுற்றினாலும் வெறுங்காலுக்கு உடனே தெரியும். குளிர் நாட்டு மீனவர்கள் பூட்ஸ் போடுவது தண்ணீர் ஐஸ் மாதிரி இருப்பதால். நம்ம கடல் வெதுவெதுப்பு. ஆக, சித்தப்பா கட்சிக்கே என் ஓட்டு.

ஆனால் வேட்டை கரைக்கு வந்ததோடு முடிவதில்லை. விடியற்காலை போட் வந்ததும் ஏலம், அப்புறம் பெண்கள் கூடையோடு உட்கார்ந்தால் மதியம் ஒரு மணி, இரண்டு மணி. எங்க அம்மா லூப் ரோடில் இருபது வருஷத்துக்கு மேல் மீன் விற்கிறார். அந்த ரோடு கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2023 ஏப்ரலில் ஐகோர்ட் உத்தரவு, கடைகளை எடுத்தது, எங்க ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்தது, பிறகு 2024 ஆகஸ்டில் புது மீன் மார்க்கெட் திறந்தது. ரோட்டோரமோ புது மார்க்கெட்டோ, மீன் விற்கும் இடத்தில் காலடி மாறுவதில்லை. உருகுகிற ஐஸ் தண்ணீர், உப்பு, ரத்தம், செதில், முள். இது எல்லாவற்றிலும் ஊறுகிற பாதம். விரலிடுக்கு வெள்ளையாக ஊறிப்போய் சேற்றுப்புண் வராத மீன்காரம்மா யாரும் இருக்க மாட்டார்கள்.

அம்மாவுக்கு சர்க்கரை இருப்பது தெரிந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரு நாள் சாயங்காலம் வீட்டுத் தரையில் ரத்தத் தடம். யாருடையது என்று தேடினால், அம்மா கால். உள்ளங்காலில் கெளுத்தி முள் ஏறி உடைந்து உள்ளேயே இருக்கிறது. அம்மாவுக்கு வலியே தெரியவில்லை. கெளுத்தி முள் குத்தினால் ஆம்பளைகளே அலறுவார்கள். அது தெரியவில்லை என்பதுதான் எங்களுக்கு பயமாக இருந்தது. புண் ஆற மூன்று மாசம். மூன்று மாசம் வியாபாரம் இல்லை, ஆனால் தண்டல்காரருக்கு தினமும் கட்ட வேண்டியது நிற்கவில்லை. ஆயாவுக்கு இதே சர்க்கரையில் ஒரு கால் விரலை எடுத்தது எங்க வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரே வரி சொன்னார்: "இனிமே வெறுங்காலோட நிக்கவே கூடாதும்மா."

சரி, எதைப் போடுவது? சர்க்கரைக்காரர்களுக்குத் தருகிற எம்.சி.ஆர் செருப்பு இருக்கிறது. பஞ்சு மாதிரி, பாதத்துக்கு நல்லது. ஆனால் மேலே திறந்த செருப்பு. ஐஸ் தண்ணீரும் முள்ளும் பக்கவாட்டில் வரும். ஹவாய் செருப்பு ஈரத்தரையில் வழுக்கும். அப்படித்தான் கம்பூட்ஸுக்கு வந்தோம். நான் பாரிமுனைப் பக்கம் இருக்கிற பாதுகாப்புச் சாமான் கடைகளில் ஏறி இறங்கிக் கற்றுக்கொண்டது இதெல்லாம்:

1. அளவு. இதுதான் முதல் சண்டை. கடைகளில் 6 முதல் 10 வரைக்கும் அடுக்கி வைத்திருக்கிறார்கள், எல்லாம் ஆண்களுக்கு. அம்மா கால் 5. "லேடீஸ் யாரும் கேக்க மாட்டாங்க தம்பி" என்றார் ஒரு கடைக்காரர். மீன் மார்க்கெட்டில் பாதிக்கு மேல் பெண்கள்தானே! சின்னதாகப் போனால் விரல் நசுங்கும், பெரிதாகப் போனால் குதிகால் தூக்கித் தூக்கி உரசி கொப்புளம் வரும். சர்க்கரைக்காரருக்கு இரண்டும் ஆபத்து. இரண்டாவது விஷயம், நாள் முழுக்க நின்றால் பாதம் வீங்கும். அதனால் சாயங்காலம் போய்த்தான் அளவு பார்க்க வேண்டும், போடப்போகிற சாக்ஸோடு. நின்றபடி பெருவிரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். நாங்கள் 6 வாங்கி, செருப்பு தைக்கிற அண்ணனிடம் எம்.சி.ஆர் ஷீட்டை அளவாக வெட்டி உள்ளே போட்டோம். பாதத்துக்கு மெத்தையும் ஆச்சு, தொளதொளப்பும் போச்சு.

2. உயரம். முட்டி வரைக்கும் இருப்பதுதான் கெத்தாகத் தெரியும். ஆனால் அம்மா நின்றுகொண்டு மட்டும் வியாபாரம் செய்வதில்லை. அருவாமனை முன்னால் குந்தவும் வேண்டும், முக்காலியில் உட்காரவும் வேண்டும். முட்டி உயர பூட்ஸோடு குந்தினால் மேல் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் வெட்டும். கடையில் நின்று பார்த்தால் இது தெரியவே தெரியாது. கடையிலேயே குந்திப் பாருங்கள், யார் சிரித்தாலும் பரவாயில்லை. ஆடுதசையில் பாதி வருகிற உயரம் போதும். வாய் கொஞ்சம் அகலமாக இருந்தால் காற்றும் போகும், சட்டென்று கழற்றவும் வரும்.

3. பொருள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.வி.சி. அதில் ஐ.எஸ். 12254 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அசல் ரப்பர் மெத்தென்று நன்றாகத்தான் இருக்கும், ஆனால் மீன் கொழுப்பு பட்டுப் பட்டு உப்பி, சீக்கிரம் கெட்டுவிடும். நைட்ரைல் கலந்த பி.வி.சி கிடைத்தால் இந்த வேலைக்கு அதுதான் நல்லது. வெள்ளை நிறத்தில் வாங்குங்கள். மீன், பால் கம்பெனிகளில் வெள்ளை போடுவதே அழுக்கு உடனே தெரிய வேண்டும் என்பதற்காக.

4. அடிப்பாகம். ஆழமான, இடைவெளி விட்ட பள்ளங்கள் வேண்டும். நெருக்கமான கோலம் போட்ட மாதிரி இருந்தால் செதில் அடைத்து, இரண்டு நாளில் வழவழப்பாகிவிடும். கடையில் ஒரு மக் தண்ணீர் கேட்டு டைல்ஸில் ஊற்றி நடந்து பார்த்தோம். கடைக்காரர் முறைத்தார், ஆனால் மறுக்கவில்லை.

5. எடை. ஒரு ஜோடி ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோ வரை வரும். இரும்பு முனை வைத்தது இன்னும் கனம், அது கட்டட வேலைக்கு. ஏழு மணி நேரம் காலில் தூக்கப் போவது நாம்தான், அதனால் கையில் தூக்கிப் பார்த்து லேசானதை எடுங்கள். விலை 300 முதல் 700 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

வாங்கினதும் நேராக மார்க்கெட்டுக்குப் போகவில்லை. பூட்ஸையே பையில் போட்டு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டினோம். உள்ளே கை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "போடலாம், ஆனா நான் சொல்றபடி" என்றார். முதல் வாரம் தினமும் ஒரு மணி நேரம் மட்டும். போடும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கை விட்டுப் பார்க்க வேண்டும், ஒரு செதில் கிடந்தாலும் உணர்ச்சி இல்லாத காலுக்குத் தெரியாது. பருத்தி சாக்ஸ் இரண்டு ஜோடி, நடுவில் ஒரு தடவை மாற்ற வேண்டும். சென்னை புழுக்கத்தில் இதை விட்டால் வெளித் தண்ணீருக்கு பதில் உள் வியர்வையில் கால் ஊறும், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, விரலிடுக்கைத் துணியால் ஒற்றித் துடைக்க வேண்டும். எண்ணெய், க்ரீம் எதுவும் இடுக்கில் கூடாது. பூட்ஸுக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் ஈரம் இழுத்துவிடும். இன்னொன்று, பூட்ஸ் போட்டாச்சு என்று திருக்கையை மிதிக்கக் கூடாது. அந்த முள் ரப்பரையும் துளைக்கும்.

முதல் நாள் மார்க்கெட்டில் என்ன நடந்திருக்கும் என்று நீங்களே யூகிக்கலாம். "இன்னாக்கா, கார்ப்பரேஷன்ல வேல கெட்ச்சிச்சா?" என்று பக்கத்துக் கடை அக்கா கேட்க, சுற்றி ஒரே சிரிப்பு. ரெகுலராக வரும் ஒரு மயிலாப்பூர் மாமா, "என்னம்மா, மிலிட்டரியா?" என்றார். அம்மா வெட்கப்பட்டு புடவையைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டார். எனக்கு சுருக்கென்றது. மறு நாள் போட மாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் போட்டார். ஏன் என்று கேட்டதற்கு, "சிரிக்கறவ வந்து எனக்கு தண்டல் கட்டுவாளா?" என்றார். அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது?

எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். மே மாசம் காலில் வேர்க்குரு வந்து, அரை நாள்தான் போட முடிந்தது. இப்போது ஐஸ் உடைக்கும் நேரமும் மீன் வெட்டும் நேரமும் பூட்ஸ், கூட்டம் குறைந்ததும் காலைத் துடைத்துவிட்டு எம்.சி.ஆர் செருப்பு என்று அம்மாவே ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ராத்திரி சாப்பிட்டதும் டார்ச் அடித்து அம்மாவின் இரண்டு பாதத்தையும் பார்ப்பது என் வேலை. "பரீட்சைக்கு இப்டி படிச்சிருந்தா கலெக்டராயிருப்ப" என்று நைனா கிண்டல் செய்வார். எட்டு மாசமாகப் புதுப் புண் இல்லை. சேற்றுப்புண் கூட மழை நாளில் மட்டும்தான் எட்டிப் பார்த்தது.

போன வாரம் அந்த "கார்ப்பரேஷன்" அக்கா ரகசியமாக என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அது எங்க வாங்குன? எனக்கு நாலாம் நம்பர் கால்டா" என்றார். அவருக்கும் சர்க்கரை என்பது அப்போதுதான் எனக்குத் தெரியும். நாலாம் நம்பரில் வெள்ளை கம்பூட்ஸ், குட்டை உயரம், இதுவரை ஆறு கடை பார்த்துவிட்டேன், இல்லை. சின்னப் பையன்களுக்கு விற்பதில் அடிப்பாகம் வழுக்குகிறது. சென்னையில் எங்கேயாவது கிடைப்பதைப் பார்த்திருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு ஜோடி இல்லை, நாலு ஜோடி வேண்டும். அக்கா இன்னும் மூன்று பேரிடம் சொல்லிவிட்டார்.