புல்லுக்கும் விடுப்பு உண்டு

பிள்ளைகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் புறப்படுகிற நம் புதுச்சேரிக்காரர்கள், குறிப்பாக அறுபதைத் தாண்டியவர்கள், பாரிஸில் எங்கே போகலாம் என்று என்னிடம் கேட்பதுண்டு. ஈஃபில் கோபுரத்தையும் லூவ்ர் அருங்காட்சியகத்தையும் பிள்ளைகளே காட்டிவிடுவார்கள். அவற்றில் பாதி நேரம் வரிசையில் நிற்பதிலேயே போய்விடும். நான் சொல்வது லுக்ஸம்பூர் தோட்டம். நுழைவுக் கட்டணம் கிடையாது. நாள் முழுவதும் உட்கார்ந்திருக்கலாம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் கொஞ்சம் திட்டம் போட்டுக்கொண்டு போக வேண்டும்.

முதலில் நேரம். இந்தத் தோட்டத்துக்கு வருடம் முழுவதற்கும் ஒரே நேரம் என்று கிடையாது, சூரியனைப் பார்த்துத்தான் கதவு. கோடையில் இரவு ஒன்பது, ஒன்பதரை வரை திறந்திருக்கும். குளிர்காலத்தில் மாலை நாலரைக்கே பூட்டிவிடுவார்கள். அன்றைய நேரம் வாசலில் எழுதியிருக்கும். உள்ளே போகும்போதே அதைப் படித்துவிடுவது நல்லது. மூடும் நேரம் நெருங்கினால் காவலர்கள் விசில் ஊதிக்கொண்டு வருவார்கள். நம் ஊரில் "இன்னும் அஞ்சு நிமிஷம் சார்" என்று சொல்லிப் பார்ப்போமே, அது அங்கே செல்லாது.

இரண்டாவது, எந்த வாசல் என்பது. தோட்டம் இருபது ஹெக்டேருக்கு மேல். பாதையெல்லாம் பொடிக் கல்லும் மண்ணும், கைத்தடி வைத்திருப்பவர்கள் பார்த்து நடக்க வேண்டும். நடுவில் இருக்கும் பெரிய குளம் தாழ்வான இடத்தில் இருக்கிறது. அங்கேதான் பிள்ளைகள் பாய்மரப் பொம்மைப் படகை வாடகைக்கு எடுத்துக் குச்சியால் தள்ளி விளையாடுவார்கள். பார்க்க அழகுதான், ஆனால் பல பக்கங்களில் படி இறங்க வேண்டும். அதனால் நான் வோழிரார் தெருப் பக்கத்து வாசலைத் தேர்ந்தெடுத்தேன். அங்கிருந்து சிறிது தூரத்தில் ஒராஞ்ஜெரி என்கிற நீண்ட கட்டடம் இருக்கிறது. தெற்குப் பார்த்தது, முன்னால் நல்ல வெயில் விழும். அக்டோபர் மாதத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு வெயில் இருக்கிற இடம்தான் உட்கார இடம்.

மூன்றாவது நாற்காலி. இதுதான் முக்கியம். நம் பாரதி பூங்காவில் பெஞ்சு போட்ட இடத்தில்தான் இருக்கும். ஒரே பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்தால் இருவரும் எதிரே பார்த்துக்கொண்டுதான் பேச வேண்டும். லுக்ஸம்பூரில் பச்சை வண்ண இரும்பு நாற்காலிகள் தோட்டம் முழுக்கக் கிடக்கின்றன. வேண்டிய இடத்துக்குத் தூக்கிப்போய்ப் போட்டுக்கொள்ளலாம். 1974 வரை இவற்றுக்கு வாடகை உண்டு, அதை வசூலிக்கப் பெண்கள் சுற்றி வருவார்களாம். இப்போது காசு இல்லை. மூன்று வகை இருக்கிறது. சாய்ந்து படுக்கிற மாதிரி தாழ்வான வகையில் வயதானவர்கள் உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் எழுப்ப ஆள் வேண்டும். கைப்பிடி வைத்ததையே தேடி எடுக்க வேண்டும்.

நான் இவ்வளவு பார்த்துப் பார்த்துத் திட்டம் போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது.

என் மனைவியின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுவேன், கல்யாணமான புதிதில் கணவரோடு அங்கே போனவர். கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், இப்போது இல்லை. மகன் வீட்டில் இருக்கிறார். அக்காவுக்கும் தங்கைக்கும் ஆறு வருடமாகச் சரியான பேச்சு இல்லை. தாயார் இறந்த சமயத்தில் அண்ணி அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். இந்த நிலைமையில் சொல்ல வேண்டாம் என்று குடும்பத்துப் பெரியவர்கள் முடிவு செய்து, கருமாதி முடிந்த பிறகுதான் தகவல் சொன்னார்கள். யார் முடிவு செய்தால் என்ன, தங்கை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்பது அண்ணியின் கணக்கு. டெலிபோனில் "நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன்" என்பதோடு சரி.

மகனுடைய வீடு இரண்டு அறைதான். பேரப்பிள்ளைகள், மருமகள், தொலைக்காட்சி. அங்கே மனம்விட்டுப் பேச வழியில்லை. அண்ணிக்கு இடது காதும் மந்தம். சத்தமாகப் பேசினால் சண்டை போல இருக்கும், மெதுவாகப் பேசினால் கேட்காது. ஆகவே எதிரெதிராக, வலது காதுப் பக்கமாக, நகர்த்திப் போட்டுக்கொள்ளக்கூடிய நாற்காலி தேவைப்பட்டது. ஒரு பெரிய நகரத்தில் காசு கொடுக்காமல் இது கிடைக்கிற இடம் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்.

நாங்கள் போனது ஒரு அமாவாசை அன்று. வீட்டில் படைத்துச் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினோம். வழியில் ஒரு சின்ன நகராட்சிப் பூங்காவைக் கடந்தோம். புல்வெளியைச் சுற்றித் தாழ்வாக வேலி கட்டி "பெலூஸ் ஓ ரெப்போ" என்று பலகை வைத்திருந்தார்கள். அண்ணிக்குக் கடையில் பேசுகிற பிரெஞ்சு சரளமாக வரும், ஆனால் படிக்க வராது. என்ன எழுதியிருக்கிறது தம்பி என்று கேட்டார். "புல்வெளி ஓய்வில் இருக்கிறது" என்றேன். அக்டோபர் பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை புல்லுக்கு லீவு. "நமக்குக்கூட இவ்ளோ லீவு கெடச்சதில்லையே" என்றார் என் மனைவி. நான் பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளைத் தட்டச்சு செய்திருக்கிறேன். "கூடாது", "தவறினால் நடவடிக்கை எடுக்கப்படும்" என்றுதான் இருக்குமே தவிர, ஏன் கூடாது என்று ஒரு வரி இருக்காது. இங்கே காரணமே பலகையாக நிற்கிறது.

லுக்ஸம்பூர் நகராட்சியைச் சேர்ந்தது அல்ல, செனட் சபையைச் சேர்ந்தது. அங்கேயும் பெரும்பாலான புல்வெளிகளில் கால் வைக்கக் கூடாது. சைக்கிள் ஓட்டக் கூடாது. நாய்க்குத் தனிப் பகுதி. இதெல்லாம் எங்களுக்குச் சம்பந்தமில்லாத விதிகள். சம்பந்தப்பட்ட விதி ஒன்று இருந்தது, அது கைப்பையிலிருந்து வெளியே வந்தது.

அண்ணி ஒரு சின்ன டப்பாவைத் திறந்தார். உள்ளே தயிரும் எள்ளும் கலந்த சோறு. தாயாருக்குப் படைத்ததில் காக்கைக்கு என்று எடுத்து வைத்தது. ஐந்தாம் மாடி வீட்டுக்குக் காக்கை வருவதில்லை, இங்கே நிறைய வருமே என்று கொண்டுவந்திருக்கிறார். பாரிஸில் புறா முதலான பறவைகளுக்குப் பொது இடத்தில் தீனி போடுவது தடை. எலி சேரும், நோய் வரும் என்பது காரணம். சொன்னேன். எனக்கே கஷ்டமாகத்தான் இருந்தது. நாலு அடி தள்ளி ஒரு காக்கை நடந்துகொண்டிருந்தது.

அண்ணி டப்பாவை மூடி மடியில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தங்கையைப் பார்த்து, "அன்னிக்கும் இப்படித்தான். அம்மாவுக்கு ஒரு பிடி அரிசி போட எனக்குக் கொடுத்து வைக்கல" என்றார்.

நான் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய்விட்டேன். அதற்கும் அங்கே வசதி இருக்கிறது.

ஒராஞ்ஜெரி வாசலில் ஆட்கள் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பெரிய மரத் தொட்டிகளில் வளர்க்கிற ஆரஞ்சு, மாதுளை, பேரீச்சை, அரளி எல்லாவற்றையும் அக்டோபரில் கட்டடத்துக்குள் கொண்டுபோய், மே மாதத்தில் திரும்ப வெளியே வைப்பார்கள். நம் ஊரில் ரோட்டோரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் பூக்கிற அரளிக்கு அங்கே வண்டியும் நான்கு ஆளும். அதைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் இருந்தேன். நடுவில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். என் மனைவி அழுதுகொண்டிருந்தார், அண்ணி அவர் முழங்கால்மேல் கை வைத்திருந்தார். அதற்குப் பிறகு நான் திரும்பிப் பார்க்கவில்லை. என்ன பேசினார்கள் என்று இன்றுவரை கேட்கவும் இல்லை.

விசில் கேட்டது. மூடுவதற்கு நேரம் இருந்தாலும், எங்கள் நடைக்கு அப்போதே எழுந்தால்தான் சரியாக இருக்கும். கைப்பிடி நாற்காலி என்பதால் இருவரும் தாமாகவே எழுந்தார்கள். வாசலில் அண்ணி பலகையைக் காட்டி, "நாளைக்கு எத்தன மணிக்குத் தொறக்கறான், படிச்சு சொல்லுங்க தம்பி" என்றார். ஊர் திரும்புவதற்குள் இன்னும் நான்கு தடவை போனோம்.

அன்று இரவு அண்ணி சமையலறை ஜன்னலைத் திறந்து, வெளித் திண்டில் அந்தச் சோற்றை ஒரு தட்டில் வைத்தார். ஜன்னலுக்கு என்ன விதி என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.