ரிச்சி தெருவில் ஒரு சர்வீஸ் மேஜை

சென்னை அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பினால், கேமராப் பெட்டிகளுக்கும் கேபிள் சுருள்களுக்கும் நடுவே வழி தேடித்தான் நடக்க வேண்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்குக் காசு கொடுத்து ஆன்ட்டிவைரஸ் வேண்டுமா, 'டிரைவர் பழசாகிவிட்டது' என்ற மிரட்டலுக்கெல்லாம் பணம் கட்ட வேண்டுமா என்பதை நேரிலேயே பார்த்துவிட நினைத்து, மாடியில் பழக்கமான ஒரு சர்வீஸ் கடையில் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் லேப்டாப்பை மேஜையில் வைத்தார். "ஆன் பண்ணா சுத்திக்கிட்டே இருக்கு தம்பி. டிரைவரெல்லாம் உடனே மாத்தணும்னு வேற வருது. பணம் கேக்குது."

ஏதோ இலவச மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு உள்ளே நுழைந்த டிரைவர் அப்டேட்டர் அது. சிவப்பில் நீண்ட பட்டியல். பல வரிகளில் ஒரே தேதி: 21-06-2006. லேப்டாப் வாங்கியதே 2019இல். யாராக இருந்தாலும் பயந்துதான் போவார்கள்.

மெக்கானிக் டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். எங்கும் மஞ்சள் முக்கோணம் இல்லை. எல்லாக் கருவியும் ஒழுங்காக வேலை செய்கிறது. ஒன்றைத் திறந்து டிரைவர் பக்கத்தைக் காட்டினார். அங்கும் அதே 2006. விண்டோஸோடு வரும் தன் சொந்த டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே இடும் தேதி இது. ஒரு கருவிக்கு இரண்டு டிரைவர்கள் சமமாகப் பொருந்தினால், விண்டோஸ் தேதி புதியதாக உள்ளதை எடுத்துக்கொள்ளும். கருவியைச் செய்த நிறுவனம் தந்த டிரைவரைத் தன் பொது டிரைவர் தள்ளிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. தேதி பழசு, உள்ளிருப்பது புதுசு. இந்தத் தேதியைக் காட்டி ஓய்வூதியக்காரர்களிடம் பணம் கேட்பதைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இதேபோல் அமெரிக்காவில் ஆஃபீஸ் டிப்போ என்ற கடை நிறுவனமும் அதற்கு மென்பொருள் தந்த நிறுவனமும், பொய்யான வைரஸ் சோதனை காட்டிப் பழுதுபார்ப்பை விற்றதாக எழுந்த புகாரில், 2019இல் 3.5 கோடி டாலர் கட்டின.

டிரைவர் மாற்றவே கூடாதா? வைஃபை வேலை செய்யவில்லை, புது கேமுக்கு கிராஃபிக்ஸ் கார்டு தடுமாறுகிறது, தயாரித்தவரே பாதுகாப்பு ஓட்டையை அடைத்திருக்கிறார் என்றால் மாற்றத்தான் வேண்டும். பெரும்பாலானவை விண்டோஸ் அப்டேட்டிலேயே வந்துவிடும். மற்றவற்றை அந்த மாடலின் பெயரைக் கொடுத்து, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக எடுக்கலாம்.

அடுத்தது ஆன்ட்டிவைரஸ். லேப்டாப்போடு வந்த சோதனைப் பதிப்பு எப்போதோ காலாவதியாகி, புதுப்பிக்கச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தது. அதை நீக்கிவிட்டு ரீஸ்டார்ட் செய்தார். விண்டோஸ் செக்யூரிட்டியில் பச்சை டிக் வந்தது. "இது காசு இல்லாததா?" என்று ஆசிரியை சந்தேகத்தோடு கேட்டார். விண்டோஸிலேயே இருப்பதுதான், 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் முழு ஆன்ட்டிவைரஸாகவே உள்ளே இருக்கிறது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட் ஆய்வகச் சோதனைகளில் பல ஆண்டுகளாகக் கட்டண மென்பொருள்களுக்கு இணையான மதிப்பெண் வாங்குகிறது. சென்னையின் ஆன்ட்டிவைரஸ் நிறுவனமான கே7 1991இல் தொடங்கியபோது நிலைமை வேறு. ஃப்ளாப்பியில் வைரஸ் பரவிய அந்தக் காலத்தில் வெளிக் காவல் இல்லாமல் முடியாது. இன்றும் பல கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து கவனிக்க வேண்டிய அலுவலகத்துக்குக் கட்டண மென்பொருள் தேவைப்படலாம். வங்கிக் கணக்கு பார்க்கவும் பேரப்பிள்ளையோடு பேசவும் வைத்திருக்கும் ஒரு லேப்டாப்புக்குத் தேவையில்லை என்பதே என் முடிவு.

விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தி வைப்பதுதான் உண்மையான ஆபத்து. 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கம்ப்யூட்டர்களை முடக்கியது; அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. ஆசிரியையின் லேப்டாப்பில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. எட்டாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் என்பதால் விண்டோஸ் 11க்கு மாற வழி இருந்தது. கிராக் போட்ட விண்டோஸாக இல்லாததும் நல்லதாயிற்று. விண்டோஸின் சொந்த ஆன்ட்டிவைரஸான டிஃபென்டரை அணைத்துவிட்டு நிறுவச் சொல்லும் கிராக் ஃபைல்தான் பல வீடுகளில் வைரஸுக்குக் கதவு திறக்கிறது.

சுற்றிக்கொண்டே இருந்ததற்குக் காரணம் வைரஸும் இல்லை, டிரைவரும் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க். எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடும் என்றார் மெக்கானிக். கழற்றும் ஹார்ட் டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு, போட்டோக்களை நகலெடுத்து வைக்கத் தருவதாகவும் சொன்னார்.

"அதை எப்பவும் சொருகியே வச்சிருக்கலாமா தம்பி?"

"வேணாம்மா. காப்பி முடிஞ்சதும் கழட்டிடுங்க. பணம் கேட்டு ஃபைலைப் பூட்டுற வைரஸ் வந்தா, சொருகியிருக்கிற டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டிடும்."