நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு

சிறிய காரின் சக்கரம் ஒவ்வொன்றையும் பிடித்து வைத்திருப்பவை நான்கு ஸ்டட்கள், அதாவது நட்டை முடுக்கும் மரைக் கம்பிகள். கொஞ்சம் பெரிய காராக இருந்தால் ஐந்து. பருமன் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர். ஒரு டன் எடையுள்ள வண்டியும் அதற்குள் உறங்கும் குழந்தைகளும் இந்தச் சின்ன இரும்புகளை நம்பித்தான் ஊர் போய்ச் சேருகிறார்கள். வண்டி ஓட்டுகிறவர் இதை நினைக்காமல் இருக்கலாம். சக்கரம் மாட்டுகிறவன் நினைத்தே ஆகவேண்டும். தருமபுரி பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்துப் பிழைத்த காலமெல்லாம் நான் அப்படி நினைக்க வேண்டிய இடத்தில் இருந்தவன். அந்த உரிமையில் உங்களோடு கொஞ்சம் பேசுகிறேன், பிள்ளைகளே.

என்னிடம் தொழில் கற்க வந்தவர்கள் எல்லோரும் முதல் நாளே இன்ஜினில் கை வைக்க ஆசைப்பட்டார்கள். சக்கரம் கழற்றி மாட்டுவது எடுபிடி வேலை என்பது அவர்கள் எண்ணம். நான் முதல் வருஷம் முழுக்க அதைத்தான் கொடுப்பேன். முகம் சுளித்தவர்களிடம் ஒன்றுதான் சொல்வேன்: இன்ஜின் பழுதானால் வண்டி நின்றுவிடும், சக்கரம் கழன்றால் நிற்காது.

ஆணியில் சட்டையை மாட்டுவதுபோல ஸ்டட்டில் சக்கரம் தொங்குகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நட்டை முடுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுப்புதான் ரிம்மை ஹப்போடு அழுத்திப் பிடிக்கிறது. 100 நியூட்டன் மீட்டர் முறுக்கில் முடுக்கிய ஒரு ஸ்டட், ஏறக்குறைய நான்கு டன் விசையோடு பிடித்திருக்கும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது அந்தப் பிடியில் பிறக்கும் உராய்வு. பிடி உறுதியாக இருக்கும்வரை எவ்வளவு பள்ளத்தில் விழுந்து எழுந்தாலும் ஸ்டட்டுக்குப் பெரிய வேதனை இல்லை. பிடி தளர்ந்தால் சக்கரம் மயிரிழை அசையும். அசைகிற ஒவ்வொரு சுற்றுக்கும் ஸ்டட் ஒருமுறை வளைந்து நிமிரும். ஒரு கிலோமீட்டருக்கு ஐந்நூறு சுற்றுக்கு மேல் வரும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

இரும்புக்கும் அலுப்பு உண்டு என்பதை உலகம் பெரிய விலை கொடுத்தே கற்றது. 1842ஆம் ஆண்டு மே மாதம் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய ரயிலின் இன்ஜின் அச்சு ஒடிந்தது. பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தீப்பிடித்தன. கதவுகள் வெளியே பூட்டியிருந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அச்சு அன்றைய சுமையில் ஒடியவில்லை. அதற்கு முன்பு பொறுத்துக்கொண்ட நாட்களின் விரிசலில் ஒடிந்தது. பின்னாளில் ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் இதைப் பல ஆண்டுகள் சோதித்தார். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே அழுத்தம் இருந்தால் எஃகு எத்தனை லட்சம் முறை வளைந்தாலும் தாங்கும், அந்த அளவைத் தாண்டினால் நாள் எண்ணிக்கொண்டு ஒடியும் என்று காட்டினார். சரியாக முடுக்கிய ஸ்டட் அந்த அளவுக்குள் நிற்கிறது. பொறுத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதை வீணாக்காமல் இருப்பதே நம் வேலை.

ஒரு பொங்கல் சமயம், ஓசூரில் வேலை பார்க்கும் இளைஞன் ஒருவன் மனைவி, கைக்குழந்தையோடு சேலத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கிருஷ்ணகிரி தாண்டியதும் இடது முன்பக்கத்தில் டக் டக் என்று சத்தம். ரோடு சரியில்லை என்று நினைத்திருக்கிறான். ஸ்டியரிங்கும் நடுங்கத் தொடங்கியதும் என் பட்டறையில் நிறுத்தினான். ஐந்து ஸ்டட்டில் இரண்டு இல்லை. மூன்றாவது, ஸ்பானர் வைத்ததும் கையோடு வந்தது. அந்த ஒடிந்த முகத்தை அவனுக்குக் காட்டினேன். முக்கால் பாகம் வழவழப்பாகக் கறுத்து, வளைவு வளைவாகக் கோடு விழுந்திருந்தது. மீதிக் கால் பாகம் சொரசொரப்பாகப் பளபளத்தது. கறுத்த பாகம் பழைய விரிசல். பளபளத்தது அன்றைய முறிவு. காரணம் தேட அதிக நேரம் ஆகவில்லை. அழகுக்காகப் புது அலாய் வீல் மாட்டியவர்கள் பழைய நட்டையே போட்டிருந்தார்கள். நட்டின் அடி கூம்பு வடிவம், வீலின் குழி உருண்டை வடிவம். இரண்டும் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தன. அது எத்தனை நாள் இறுக்கமாக நிற்கும்?

சேலம் போகும் வழியில் வரும் தொப்பூர் இறக்கம் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்லத் தேவையில்லை. அந்தச் சத்தத்துக்கு ரோட்டின்மேல் பழி போட்டுக்கொண்டே அவன் அதில் இறங்கியிருக்கலாம். நின்றான் பாருங்கள், அதுவே படிப்பினை. "ஒடிந்த மூன்றை மட்டும் மாற்றினால் போதாதா, ஐயா?" என்று கேட்டான். போதாது. மூன்றும் பலம் இழந்த பிறகு பெரும்பாரத்தைச் சுமந்தவை மீதி இரண்டு. பார்வைக்கு நன்றாக இருக்கின்றன என்பதற்காக அவற்றை நம்பிவிட முடியாது. ஐந்தும் மாற்றினோம். சாமான் வர மாலையாகிவிட்டது. குழந்தை பட்டறையில் கட்டிய தூளியில் தூங்கியது.

தளர்ச்சிக்கு நேர் எதிரே இன்னொரு குற்றம் உண்டு. அது பலசாலிகளின் குற்றம். வீல் ஸ்பானரில் பைப்பைச் செருகி, அதன் நுனியில் ஏறி மிதிப்பது. 60 கிலோ எடையுள்ள ஆள் அரை மீட்டர் பைப்பின் நுனியில் நின்றால் ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். சிறிய கார்களுக்கு வேண்டியது பெரும்பாலும் 85 முதல் 110 வரைதான். ஸ்டட் தன் எல்லையைக் கடந்து நீண்டுவிட்டால் பிறகு பழைய நீளத்துக்கு முழுதாகத் திரும்பாது; வெளியே இறுகியதுபோல் இருக்கும், உள்ளே பிடியை நம்ப முடியாது. ஏர் கன்னால் கடைசிவரை அடிக்கிறவர்களும் இதே தவறைத்தான் வேகமாகச் செய்கிறார்கள். மரையில் கிரீஸ் தடவுவதும் நல்லதல்ல. நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே போகிறது. கிரீஸ் அந்த உராய்வைக் குறைத்துவிடுவதால், அதே முறுக்கு ஸ்டட்டை அளவுக்கு மீறி இழுத்துவிடும். மரையைக் கம்பி பிரஷ்ஷால் துடைத்து உலர்வாக வைத்தாலே போதும்.

சக்கரம் மாட்டும்போது நட்டை முதல் நான்கைந்து சுற்று கையால் ஏற்றுங்கள். கையால் ஏறாத நட்டில் ஏதோ கோளாறு இருக்கிறது. மரை மாறி ஏறுகிறதோ, நட்டே வேறு அளவோ. எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குங்கள், அப்போதுதான் ரிம் சாயாமல் உட்காரும். ஜாக்கியை இறக்கி டயர் தரையில் ஊன்றிய பிறகு, வண்டிப் புத்தகத்தில் உள்ள அளவை டார்க் ரெஞ்சில் வைத்துக் கடைசி முடுக்கு. பட்டறைக்காரன் ஒருவன் டார்க் ரெஞ்ச் தனக்குத் தேவையில்லை, கையே அளவு சொல்லும் என்றால், அவன் கையைப் பாராட்டிவிட்டு வேறு பட்டறைக்குப் போங்கள்.

நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் என் பட்டறைப் பக்கம் டீக்கு நிறுத்துவார். டீ வரும் முன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வருவார். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருக்கிறதா என்றுதான் அவர் கண் தேடும். ரிம்முக்கும் நட்டுக்கும் நடுவில் உராய்வு இருந்தால் அந்தக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். நல்ல மழையிலும் குடையோடு சுற்றுவார். கிளீனர் பையன்கள் சிரிப்பார்கள். நரைத்த தலையோடு, யாரையும் இடிக்காமல் ஓய்வு பெற்றார். அவரைத் திறமைசாலி என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை; ரோட்டில் அவர் வண்டிக்குப் பின்னால் போக நான் தயங்கியதுமில்லை.

சக்கரம் மாட்டிய வண்டி 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டை மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது என் பட்டறையில் சட்டம். பையன்களுக்கு இதுதான் பிடிக்காது. புதிய வேலைக்கு ஓடும் வயதில், முடித்த வேலைக்குத் திரும்பிப் போவது கசக்கும். கைத்திறன் உள்ள ஒருவன் கோபமாகவே கேட்டான்: "நான் அளவு வைத்துத்தான் முடுக்கினேன். என்னை நம்ப மாட்டீர்களா, அண்ணா?" "உன்னை நம்புகிறேன், தம்பி. ரிம்மில் அடித்திருக்கும் பெயின்ட்டை நம்பவில்லை" என்றேன். ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே இருக்கும் பெயின்ட், துரு, மண் துகள் எல்லாம் ஓட ஓட நசுங்கும். அவை நசுங்கிய அளவுக்குப் பிடி தளரும். நீள்வது கண்ணுக்குத் தெரியாத அளவு என்றேனே, அதில் ஒரு பங்கு போனாலே நஷ்டம் பெரிது.

கோபித்துக்கொண்ட அந்தப் பையன் இப்போது ஓசூரில் சொந்தப் பட்டறை நடத்துகிறான். மறுபடி சரிபார்க்க அவன் காசு வாங்குவதில்லை. ஆனாலும் வருகிறவர்கள் குறைவு. வராதவர்களுக்கு மறுநாள் அவனே போன் செய்கிறான். தொல்லை என்று சிலர் அவன் நம்பரைத் தடுத்து வைத்துவிட்டார்களாம். அவர்களுக்குப் பட்டறைப் பையனின் போனிலிருந்து கூப்பிடுகிறான்.