ஒற்றை எண், இரட்டை எண்

தாதியர் டிப்ளோமாவின் கடைசி ஆண்டில் எங்கள் பிள்ளைகள் அதிகம் பயந்த பாடம் மருந்தியல் இல்லை, ரிசர்ச். ரத்தத்தைப் பார்த்து அசராதவர்கள்கூட 'நல் ஹைப்போதீசிஸ்' என்றதும் வாடிப்போவார்கள். கேள்வித்தாள் அடி, பதில்களை எஸ்பிஎஸ்எஸ்ஸில் போடு, பி வேல்யூ 0.05க்குக் கீழே வந்தால் கொண்டாடு. ஏன் 0.05 என்று சீனியரைக் கேட்டேன். "அப்படித்தான்லா!" ரொனால்ட் ஃபிஷர் 1925இல் வசதிக்காகச் சொன்ன எல்லை அது என்று பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டேன்.

எங்கள் குழுவின் தலைப்பு, நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்பு. படிவங்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருந்தன. கிள்ளானில் தமிழ் மட்டும் பேசும் நோயாளிகளுக்கு அவற்றைச் சொல்லிப் புரியவைக்கும் வேலை, தமிழ்ப்பள்ளியில் படித்தவள் என்பதால், என் தலையில் விழுந்தது.

கேள்விகள் சுலபம். சம்மதப் படிவம்தான் பாடு. "எப்ப வேணும்னாலும் நீங்க விலகிக்கலாம் பாட்டி" என்றேன்.

"விலகிட்டா மருந்து குடுக்க மாட்டாங்களா மிஸ்ஸி?"

மருந்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளக்கினேன். "சரி, நீ சொல்றதுனால போடுறேன்" என்று பேனாவுக்குக் கை நீட்டினார். படிவத்தைப் பொறுத்தவரை அது முழுச் சம்மதம். எனக்கு அது சீருடைக்குக் காட்டிய மரியாதையாகத்தான் பட்டது. மைலோ குடித்துவிட்டு வரச் சொன்னேன். வந்தவர் கேட்டார், "என் பேரு போடுவியா?" பெயர் வராது, நம்பர்தான், நீங்க 27 என்றேன். "தோட்டத்துலயும் எனக்கு நம்பர்தான்" என்று சிரித்தார்.

அந்த வாரம்தான் வகுப்பில் வில்லியம் ஃபிளெட்சரின் சோதனை வந்தது. 1905 முடிவில், இதே கோலாலம்பூரின் மனநல விடுதி. மலாயாவில் பெரிபெரி நோய் ஆட்களைக் கொன்றுகொண்டிருந்த காலம். கால் மரத்து, வீங்கி, இதயம் நின்றுவிடும். தீட்டிய சயாம் பச்சரிசி சாப்பிட்ட சீனத் தொழிலாளர்களுக்கு அதிகம் வந்தது, புழுங்கலரிசி சாப்பிட்ட தமிழர்களுக்கு அரிதாகவே வந்தது. நெல்லைப் புழுக்கும்போது உமியை ஒட்டிய சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்குத் தயமின் என்ற பெயரெல்லாம் பிறகுதான் வந்தது.

ஃபிளெட்சர் நோயாளிகளை வரிசையில் எண்ணச் சொன்னார். ஒற்றை எண்கள் ஒரு வார்டு, இரட்டை எண்கள் எதிர் வார்டு. ஒரு பக்கம் பச்சரிசி, மறுபக்கம் புழுங்கலரிசி. இடத்தின் கோளாறோ என்று சந்தேகித்து நடுவில் வார்டுகளையும் மாற்றிப் பார்த்தார். பச்சரிசி சாப்பிட்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்தார்கள். புழுங்கலரிசி சாப்பிட்ட 123 பேரில் அப்படி ஒருவரும் சாகவில்லை. 1907இல் லான்செட் இதழ் வெளியிட்டது.

கட்டுப்பாட்டுக் குழு என்றால் என்ன என்று புரியவைக்க இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. நம் வீட்டுப் புழுங்கலரிசி லான்செட்வரை போயிருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட. ஆனால் அந்த 18 பேரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. "கேட்டிருந்தா சோதனையே நடந்திருக்காது, இன்னும் ஆயிரம் பேர் செத்திருப்பாங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அவள் சொன்னதில் நியாயம் உண்டு. பலன் பெரிதுதான், அதற்காகக் கேட்காமல் விட்டது சரியாகிவிடாது என்றேன். சண்டை கேன்டீன்வரை நீண்டது.

அடுத்த வாரம் லெக்சரரிடம் கேட்டுக்கொண்டு, படிவத்தை நீட்டும் முன் சொல்லும் முதல் வாக்கியத்தை மாற்றினேன்: "வேணாம்னு சொன்னாலும் உங்க மருந்து, அப்பாய்ண்ட்மெண்ட் எல்லாம் அப்படியேதான் இருக்கும்." வேண்டாம் என்று சொல்பவர்கள் வரத் தொடங்கினார்கள். எண்ணிக்கை குறைகிறதே என்று குழுவில் முணுமுணுப்பு. அறிக்கையில் அவர்களுக்கும் ஒரு வரி வேண்டும் என்று அடம்பிடித்துச் சேர்த்தேன்.

மறுத்தவர்கள்: 4.